உடற்கட்டுப் பயிற்சியின் மனப்பக்கம்: மலையக மாணவர் ஆய்வுக் கட்டுரைக்கான முழுமையான வழிகாட்டி

உடற்கட்டுப் பயிற்சியின் உளவியலை ஆய்வு செய்ய முன்வரும் மாணவர் பெரும்பாலும் இரண்டு நம்பிக்கைகளில் ஒன்றோடுதான் வருகிறார். ஜிம்முக்குப் போனால் தன்னம்பிக்கை வளரும் என்பது ஒன்று. கண்ணாடியின் முன் மணிக்கணக்கில் நிற்பவருக்கு மனத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது மற்றொன்று. இவற்றுள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாலும் அதையே உறுதிசெய்யும் பதில்கள் வந்து சேரும். ஏனெனில் கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைப் பதில் சொல்பவர் மிக விரைவில் கண்டுகொள்வார். நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. பயிற்சி செய்பவர் தம் உடலைப் பற்றி என்ன நினைக்கிறார், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது, அது அவருடைய நாளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்பவற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டுக் கவனமாகப் பதிவு செய்வது மாணவரின் வேலை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நிலைப்பாட்டிலிருந்தே எழுதப்படுகிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ, பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ, பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலோ, திறந்த பல்கலைக்கழகத்திலோ படித்துக்கொண்டு, ஒரு பருவ காலத்துக்குள் 3000 முதல் 5000 சொற்கள் வரையிலான கட்டுரையைச் சமர்ப்பிக்க வேண்டிய மாணவரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களின் ஜிம்களே களம் என்று கொள்கிறேன்.

முதற்படி: கேள்வியைச் சிறிதாக்குதல்

"உடற்கட்டும் மனமும்" என்பது தலைப்பாகலாம். அதற்கு விடை காண இயலாது. இத்துறையில் இதுவரை நடந்த ஆய்வுகளைப் பார்த்தால் அவை ஏறத்தாழ நான்கு கிளைகளில் அடங்குகின்றன. ஏன் பயிற்சிக்கு வருகிறார்கள், ஏன் தொடர்கிறார்கள் என்னும் ஊக்கம் பற்றிய கிளை முதலாவது. தம் உடலைத் தாமே எப்படிப் பார்க்கிறார்கள் என்னும் உடற்தோற்ற உணர்வு இரண்டாவது. போட்டிக்காக உணவைக் குறைத்து உடலை வற்றச் செய்யும் காலத்து மனநிலை மூன்றாவது. ஸ்டெரொயிட் முதலிய மருந்துகளின் விளைவு நான்காவது.

முதல் கட்டுரை எழுதுபவர் நான்காவது கிளையைத் தொடாமல் இருப்பதே நல்லது. விளையாட்டில் ஊக்கமருந்துப் பயன்பாட்டைத் தடுப்பதற்கு இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. போட்டியாளர் ஒருவர் உங்களிடம் சொல்லும் ஒரு வாக்கியம் அவருடைய விளையாட்டு வாழ்க்கையையே பாதிக்கக்கூடும். அவ்வாக்கியத்தை இரகசியமாகக் காக்கும் ஆற்றலும் அனுபவமும் மாணவரிடம் எதிர்பார்க்கத்தக்கவை அல்ல. மூன்றாவது கிளை மிகச் சுவையானது. ஆயினும் மேடை ஏறும் அளவுக்குப் பயிற்சி செய்பவர்கள் மலையக நகரமொன்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருப்பர். 2018இல் தாய்லாந்தில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வென்ற இலங்கை உடற்கட்டு வீரர் லூசியன் புஷ்பராஜின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் இளைஞர்கள் பலர். அவரைப் போல மேடைக்குத் தயாராகுபவர்கள் சிலரே. எனவே ஊக்கமும் உடற்தோற்ற உணர்வும் மாணவருக்கு உகந்த கிளைகள்.

கேள்வியில் யார், எங்கே, எது என்னும் மூன்றும் இருக்க வேண்டும். "ஹற்றன் நகர ஜிம்களில் ஓராண்டுக்கு மேலாகப் பயிற்சி செய்யும் 18 முதல் 25 வயது வரையிலான தோட்டப்புற இளைஞர்கள் தம் உடலை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்?" என்பது விடை காணக்கூடிய கேள்வி. "உடற்பயிற்சி மன அழுத்தத்தைக் குறைக்குமா?" என்பது உங்களால் விடை காண இயலாத கேள்வி. அதற்குச் சோதனைக் குழுவும் கட்டுப்பாட்டுக் குழுவும் பல மாதக் கண்காணிப்பும் தேவைப்படும்.

இரண்டாம் படி: எதை, எந்த வரிசையில் வாசிப்பது

வாசிப்பைப் பெரும்பாலான மாணவர்கள் பின்னோக்கித் தொடங்குகின்றனர். யூடியூப் காணொளிகளிலிருந்து வலைத்தளக் கட்டுரைகளுக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஓர் ஆய்வின் பெயரைப் பிடிக்கின்றனர். மூல ஆய்வுகளிலிருந்து தொடங்கினால் வேலை பாதியாகும்.

அமெரிக்க உளமருத்துவர் ஹரிசன் போப்பும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரையை முதலில் வாசியுங்கள். அவர்கள் 108 ஆண் உடற்கட்டுப் பயிற்சியாளர்களை நேர்கண்டனர். அவர்களுள் 9 பேர், உண்மையில் பெரிய, தசைப்பிடிப்பான உடல் கொண்டிருந்தும் தம்மைச் சிறியவராகவும் மெலிந்தவராகவும் எண்ணினர். பட்டினி கிடந்து மெலிந்தும் தம்மைப் பருமனாகக் காணும் அனொரெக்ஸியா நோயின் மறுதலையாக இருந்தமையால் அதற்குத் தலைகீழ் அனொரெக்ஸியா என்று பெயரிட்டனர். 1997இல் போப்பும் வேறு சில சகாக்களும் இதனை உடல் தோற்றப் பிறழ்வு நோயின் ஒரு வகையாக மீள வரையறுத்து, மஸில் டிஸ்மோர்பியா என்னும் பெயரை முன்வைத்தனர். 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அதனை உடல் தோற்றப் பிறழ்வின் உட்பிரிவாக, எண்ணச் சுழற்சி நோய்களின் அத்தியாயத்தில் சேர்த்தது. இந்த இருபது ஆண்டு நகர்வை உங்கள் கட்டுரை ஒரு பத்தியில் சொல்ல வேண்டும். உணவு சார்ந்த நோயாகத் தொடங்கியது தோற்றம் சார்ந்த நோயாக மாறியமை வெறும் பெயர்மாற்றம் அன்று; எதை அளக்க வேண்டும், எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்பனவும் அதனோடு மாறின. அவ்வாறு வகைப்படுத்தியமை சரியா என்பதை ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கின்றனர் என்பதையும் குறிப்பிடுங்கள்.

108 பேரில் 9 பேர் என்ற எண்ணிக்கையை மாணவர்கள் அடிக்கடி தவறாகக் கையாள்கின்றனர். அது ஒரு நாட்டில், ஒரு காலத்தில், ஆய்வுக்கு முன்வந்தவர்களிடம் காணப்பட்ட எண்ணிக்கை. "உடற்கட்டுப் பயிற்சி செய்பவர்களில் பன்னிருவருக்கு ஒருவர் மனநோயாளி" என்று எழுதுவதற்கு அது இடம் தராது.

அதன் பின் மறுபக்கத்தை வாசியுங்கள். பிரெட் கோர்டன் முதலியோர் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 33 கட்டுப்பாட்டுச் சோதனைகளில் பங்கேற்ற 1877 பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்து, எடைப் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்று முடிவு செய்தது. இதனையும் போப்பின் கட்டுரையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் முரண்படவில்லை, கோர்டன் தொகுத்த சோதனைகளில் இருந்தவர்கள் ஆய்வாளர் வகுத்த அளவான பயிற்சியைச் செய்தவர்கள், போப் சந்தித்தவர்கள் உடற்கட்டையே வாழ்க்கையின் மையமாகக் கொண்டவர்கள். மாணவர் கட்டுரைகள் பலவற்றில் "சில ஆய்வுகள் நன்மை என்கின்றன, சில தீமை என்கின்றன" என்றே இந்த இடம் முடிந்துவிடுகிறது. யாரை ஆய்ந்தார்கள் என்று ஒரு வரி சேர்த்தாலே முரண்பாடு அகன்றுவிடும்.

போட்டிக் காலத்து மனநிலையைச் சிறிதளவேனும் தொட விரும்பினால் இரண்டு ஆய்வுகள் போதும். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்து பயன்படுத்தாத ஒரே ஒரு போட்டியாளரைப் பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்தது. தயாரிப்புக் காலத்தில் அவருடைய மனநிலைக் குலைவுப் புள்ளி 6இலிருந்து 43க்கு உயர்ந்தது. மற்றது மிகப் பழையது: 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் வைத்துச் செய்த ஆய்வு. உடற்கட்டோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் உணவையே நினைத்துக்கொண்டிருத்தல், எரிச்சல், சோர்வு, ஒதுங்கியிருத்தல் ஆகியவை பட்டினியிலிருந்தே வரக்கூடும் என்பதை அது காட்டியது. மேடைக்கு முந்தைய வாரங்களில் ஒருவர் எரிந்து விழுகிறார் என்றால் அவருடைய குணத்தைத் தேடுமுன் அவருடைய தட்டைப் பார்க்க வேண்டும்.

கோட்பாட்டுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மனிதர் தம்மை மதிப்பிடப் பிறரோடு ஒப்பிடுகின்றனர் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் முன்வைத்த சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு உடற்தோற்றக் கேள்விகளுக்குப் பொருந்தும். எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாடு ஊக்கம் பற்றிய கேள்விகளுக்குப் பொருந்தும்; தன்விருப்பம், திறமை உணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்று தேவைகளை அது பேசுகிறது. இரண்டையும் ஒரே கட்டுரையில் திணித்தால் இரண்டும் அலங்காரமாகிவிடும்.

தேடுவதற்குக் கூகுள் ஸ்கொலரும் பப்மெட்டும் போதும். முழுக் கட்டுரை பூட்டப்பட்டிருந்தால் நூலகரிடம் கேளுங்கள், அல்லது கட்டுரையாசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் தம் கட்டுரையை மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பர். உள்நாட்டு ஆய்வுகளுக்கு இலங்கை ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பையும், மலையகச் சமூக வரலாற்றுக்கு 'நூலகம்' மின்னூலகத்தையும் பாருங்கள். வாசிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மலையகத்தை ஆய்வுக்குள் கொண்டுவருதல்

கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. அவற்றை அப்படியே எடுத்து "மலையக இளைஞரிடமும் இதுவே காணப்படும்" என்று எழுதினால், களத்துக்குப் போகாமலேயே கட்டுரையை முடித்திருக்கலாம்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட நாள் முதல், தோட்டத்தில் உடல் என்பது வேலையால் அளக்கப்பட்டது. பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டது. கவ்வாத்து வெட்டியவருக்கு மரக்கணக்கு இருந்தது. அத்தகைய வீட்டில் வளர்ந்த ஒருவர், எந்தக் கூலியும் தராத ஒரு பாரத்தைக் காசு கொடுத்துத் தூக்கப் போகும்போது வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "மலையில வேலை செஞ்சா தானா உடம்பு வந்துட்டுப் போகுது" என்று ஒரு தந்தை சொல்லக்கூடும். தம் மகன் மலைக்குப் போகாத உடலைக் கட்டுகிறான் என்று மற்றொரு தந்தை பெருமைப்படவும் கூடும். கொழும்பில் கடைகளில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் ஊர் திரும்பும் இளைஞருக்குக் கட்டான உடல், நல்ல சட்டையைப் போலவே, நகரத்தில் பிழைத்துக்கொண்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். இவை என் ஊகங்கள்; உங்கள் நேர்காணல்கள் இவற்றை உறுதிசெய்யலாம், உடைக்கவும் செய்யலாம்.

உயரம் அடுத்த விடயம். 2016ஆம் ஆண்டின் தேசியக் குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடு முழுவதிலும் 17.3 சதவீதமாக இருந்தபோது தோட்டப்புறத்தில் 31.7 சதவீதமாக இருந்தது. இதற்கு முந்தைய 2006/07 கணக்கெடுப்பில் தோட்டப்புறத்து விகிதம் இதனினும் உயர்வாகவே இருந்தது. இன்று ஜிம்முக்கு வரும் இளைஞர் அந்தத் தலைமுறையினர். தம் உயரம் குறித்த உணர்வு தசை குறித்த ஆசையோடு எவ்வாறு கலக்கிறது என்பதை மேனாட்டு வினாக்கொத்துகள் பெரிதாகக் கேட்பதில்லை. நீங்கள் கேட்கலாம்.

உணவும் அவ்வாறே. மேனாட்டு ஆய்வுகளில் உணவுக் கட்டுப்பாடு என்பது விருப்பத்தால் மேற்கொள்வது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஒரு சமூகத்தில், ஒருவர் முட்டையை எண்ணிச் சாப்பிடுகிறார் என்றால் அது கட்டுப்பாடா, பற்றாக்குறையா என்று பிரித்தறிய வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ரொட்டியும் சம்பலும் இருக்கும்போது தமக்கென்று முட்டையும் புரதப் பவுடரும் வாங்குபவர் அடையும் குற்றவுணர்வு, உளவியல் நோக்கில், உடற்தோற்ற உணர்வுக்குக் குறையாத ஆய்வுப் பொருள்.

குளிரையும் மறந்துவிட வேண்டாம். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டின் பெரும்பகுதி ஜம்பரும் ஜக்கெட்டும் அணிந்தே மனிதர் நடமாடுகின்றனர். கடற்கரையில் உடலைக் காட்டும் சமூகங்களில் எழுந்த கோட்பாடுகள், உடலை எப்போதும் மூடி நடக்கும் ஊரில் எப்படிப் பொருந்தும்? அந்த உடலை யார் பார்க்கிறார்கள்? ஜிம் கண்ணாடியும் கைத்தொலைபேசியும்தானா? ஒரு முழுக் கட்டுரைக்கு இந்த ஒரு கேள்வியே போதும் என்பது என் எண்ணம்.

நான்காம் படி: முறையைத் தெரிவு செய்தல்

ஆறு முதல் பத்துப் பேரை ஆழமாக நேர்காணும் முறையையே பரிந்துரைக்கிறேன். வினாக்கொத்துக் கொடுத்துப் புள்ளி போடுவது எளிதாகத் தோன்றினாலும் அதன் பின்னால் இருக்கும் வேலை பெரிது.

இருப்பினும் உங்கள் துறை எண்களை வலியுறுத்தினால், நன்கறியப்பட்ட அளவுகோல்கள் உள்ளன. மக்கிறியரியும் சாஸேயும் 2000இல் வெளியிட்ட தசைநாட்ட அளவுகோலில் 15 வினாக்கள் உள்ளன. ஹில்டிபிராண்ட் முதலியோர் 2004இல் வெளியிட்ட மஸில் டிஸ்மோர்பியா வினாக்கொத்தில் 13 வினாக்கள். அவை, உடல் பெரிதாக வேண்டும் என்ற வேட்கை, தோற்றத்தைச் சகிக்க இயலாமை, அன்றாட வாழ்வு பாதிக்கப்படுதல் என்னும் மூன்று பகுதிகளாகப் பிரிகின்றன. பயிற்சியை விட முடியாத நிலையை அளக்க 6 வினாக்களே கொண்ட அளவுகோல் ஒன்றும் 2004இல் வெளிவந்தது.

அளவுகோலைத் தமிழில் பயன்படுத்த, முதலில் ஆக்கியோரின் அனுமதியைப் பெறுங்கள். இருமொழியும் அறிந்த இருவர் தனித்தனியே தமிழாக்கி, பின் ஒன்றாக அமர்ந்து ஒரே வடிவத்துக்கு வரட்டும். மூல ஆங்கிலத்தைப் பார்த்திராத மூன்றாமவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்கட்டும். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியபின், ஆய்வில் சேராத ஐந்தாறு பயிற்சியாளர்களிடம் வாசித்துக்காட்டி, ஒவ்வொரு வினாவையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் புள்ளிகள் குழுவுக்குள் ஒப்பிட உதவும். எவரையும் நோயாளி என்று முத்திரை குத்த உதவா. கட்டுரையில் அதனை வெளிப்படையாக எழுதுங்கள்.

இந்த அளவுகோல்களில் பெரும்பாலானவை ஆண்களை மனத்திற்கொண்டு உருவானவை. பெண் பயிற்சியாளரை ஆய்வதாயின் தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெண்களைச் சேர்த்துவிட்டு "ஆண், பெண் இருபாலாரும்" என்று எழுதுவது நேர்மையாகாது.

ஐந்தாம் படி: நெறிமுறை அனுமதி

தரவு திரட்டத் தொடங்குமுன் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகலாம் என்பதால் கேள்வி உறுதியான அன்றே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பங்கேற்பாளர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். முதல் ஆய்வில் அவர்களைத் தவிர்ப்பது எளிது. சுகாதாரம் சார்ந்த தனிப்பட்ட தரவுகள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசேட வகையாகக் கருதப்படுகின்றன. ஒலிப்பதிவை எங்கே வைத்திருப்பீர்கள், யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை ஒப்புதல் படிவத்தில் எழுதுங்கள். படிவம் தமிழில், சத்தமாக வாசித்தால் புரியக்கூடிய மொழியில் இருக்கட்டும்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். சிறிய ஊரில் "மாகாணப் போட்டிக்குப் போன, கங்காணியின் மகன்" என்று எழுதினால் அவர் யாரென்று பஸ் தரிப்பிடத்திலேயே சொல்லிவிடுவார்கள். தோட்டத்தின் பெயர், தொழில், குடும்ப விவரம், போட்டி விவரம் ஆகியவற்றில் கேள்விக்கு இன்றியமையாததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். ஜிம்மின் பெயரும் வேண்டாம்.

நீங்கள் கேட்காமலேயே ஒருவர் ஸ்டெரொயிட் ஊசி பற்றிப் பேசத் தொடங்கலாம். எங்கே வாங்கினார், யார் கொடுத்தார் என்று கேட்காதீர்கள். அவர் சொன்னாலும் எழுதாதீர்கள். வெளியிலிருந்து ஆண் ஹோர்மோனான டெஸ்ட்டொஸ்டெரோன் வகை மருந்து செல்லும்போது மூளை உடலின் சொந்த உற்பத்தியை நிறுத்தச் செய்கிறது. மருந்தை நிறுத்தியபின் அந்த உற்பத்தி மீள வாரங்களோ மாதங்களோ ஆகலாம், அக்காலத்தில் கடும் மனச்சோர்வு வரக்கூடும். ஆகவே அறிவுரை கூறி நிறுத்தச் சொல்வதும் உங்கள் வேலையன்று. வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சின் நடுவே ஒருவர் மனமுடைந்தால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு அவரோடு இருங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலச் சிகிச்சைப் பிரிவின் விவரத்தையும் அச்சிட்ட சிறு தாளை நேர்காணும் எல்லோருக்கும் கொடுங்கள். கலங்கியவருக்கு மட்டும் கொடுத்தால் அவரைத் தனித்துக் காட்டியதாகிவிடும்.

ஆறாம் படி: ஜிம்முக்குள் நுழைதலும் பேசுதலும்

உரிமையாளரிடமும் பயிற்சி தரும் மாஸ்டரிடமும் முதலில் பேசுங்கள். ஆனால் பங்கேற்பாளரை அவர்களே தெரிவு செய்து தர விடாதீர்கள். மாஸ்டர் அனுப்பும் பையன்கள் மாஸ்டரின் பெருமையைத்தான் பேசுவார்கள். மாலையில் வேலைவிட்டு வரும் நேரத்தில் கூட்டம் அதிகம்; அந்நேரம் ஓரமாக அமர்ந்து, யார் கண்ணாடி அருகே நிற்கிறார், யார் யாரைத் தட்டிக்கொடுக்கிறார், செட்டுக்கு இடையில் கைத்தொலைபேசியில் என்ன பார்க்கிறார்கள் என்று கவனித்துக் குறிப்பெடுக்கலாம். செட்டுக்கு நடுவே பேச்சுக் கொடுப்பதும், அனுமதியின்றிப் படமெடுப்பதும் கூடவே கூடாது. நேர்காணலை ஜிம்முக்கு வெளியே, பிறர் காதில் விழாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அதே ஜிம்மில் பயிற்சி செய்பவராயின் அதனைக் கட்டுரையில் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்து அவர் சொல்லாமல் விடுபவை பல இருக்கும், ஆகவே "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுச் சொல்லுங்கண்ணே" என்று தொடங்குவது பயன்தரும்.

கட்டுரை செந்தமிழில் இருக்கலாம். கேள்வி அவ்வாறு இருக்கலாகாது. "உமது உடற்தோற்றம் குறித்த திருப்தி எவ்வாறுள்ளது?" என்று கேட்டால் பரீட்சைக்குப் பதில் எழுதுவதுபோலப் பேசுவார். பின்வருமாறு கேட்டுப் பாருங்கள்:

"மொதமொதல்ல ஜிம்முக்குப் போன நாள் ஞாபகம் இருக்காண்ணே? யாரு கூட்டிட்டுப் போனா?"

"வீட்டுல என்ன சொன்னாங்க? இப்ப என்ன சொல்றாங்க?"

"உடம்பு ஏறியிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? கண்ணாடியா, சட்டையா, ஆளுங்க சொல்றதா?"

"ஜிம்முல யாரைப் பார்த்து இவரு மாதிரி வரணும்னு நெனைப்பீங்க? போன்ல யாரைப் பார்ப்பீங்க?"

"காய்ச்சல்ல படுத்து ஒரு வாரம் போகலன்னா அந்த வாரம் எப்படி இருக்கும்?"

"சாப்பாட்டுக்கு எப்படிச் சமாளிக்கிறீங்க? வீட்டுல சமைக்கிறதும் உங்களுக்கு வேணும்ங்கிறதும் ஒண்ணா?"

நிகழ்ச்சியைக் கேட்டால் உணர்ச்சி தானாக வரும். உணர்ச்சியை நேரே கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்ற பதிலோடு நின்றுவிடும். நோய்ப் பெயர்களை உச்சரிக்க வேண்டாம். ஜிம்மில் சிங்கள, முஸ்லிம் இளைஞரும் இருப்பர். உங்கள் சிங்களம் நேர்காணலுக்குப் போதாது என்றால் தமிழ் பேசுபவரோடு மட்டுப்படுத்திக்கொண்டு, அவ்வரையறையை எழுதுங்கள்.

ஏழாம் படி: பேச்சிலிருந்து கருவுக்கு

ஒலிப்பதிவைப் பேசியவாறே எழுத்தாக்குங்கள். திருத்தமான தமிழாக மாற்றாதீர்கள். ஒரு மணிநேரப் பேச்சை எழுத ஆறேழு மணிநேரம் செல்லலாம் என்பதால் ஒவ்வொரு நேர்காணலையும் அடுத்ததற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. பகுப்பாய்வுக்குப் பிரவுனும் கிளார்க்கும் 2006இல் விளக்கிய கருப்பொருள் பகுப்பாய்வு மாணவருக்குப் பொருத்தமானது. பலமுறை வாசித்தல், குறியிடுதல், குறிகளைக் கருப்பொருள்களாகச் சேர்த்தல், அவற்றைச் சரிபார்த்தல், பெயரிடுதல், எழுதுதல் என அது ஆறு கட்டங்களைக் கொண்டது.

குறியிடுதலில்தான் அவசரம் காட்டுகிறார்கள். ஒருவர் "ரெண்டு நாள் போகலன்னா உடம்பு இறங்கிப் போன மாதிரியே இருக்கும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மஸில் டிஸ்மோர்பியா பற்றி வாசித்த மாணவர் உடனே "தோற்றப் பிறழ்வு" என்று குறியிடுவார். பயிற்சியின்போது தசைக்குள் இரத்தம் பாய்ந்து உப்பியிருப்பதைப் பயிற்சியாளர்கள் பம்ப் என்பர். அது சில மணிநேரத்தில் வடிந்துவிடும். அவர் அந்த உண்மையான மாற்றத்தையே சொல்லியிருக்கலாம். அல்லது ஜிம்முக்குப் போகாத நாளில் நண்பர்களைக் காணாத வெறுமையை உடலின் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கலாம். அல்லது கட்டணம் செலுத்திவிட்டுப் போகாத குற்றவுணர்வாக இருக்கலாம். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் பார்த்து, "எந்தப் பக்கம் இறங்கின மாதிரி இருக்கும்? யாராவது சொன்னாங்களா?" என்று அடுத்த நேர்காணலில் கேட்டுத் தெளிவு பெற்றபின் குறியிடுங்கள். ஆய்வாளர்கள் பிறழ்வு என்று சொல்வது ஒரு கவலை இருப்பதை மட்டும் கொண்டு அல்ல. அக்கவலை நாளின் பெரும்பகுதியை விழுங்குவது, வேலையையும் உறவையும் கெடுப்பது, கையில் காயமிருந்தும் பயிற்சியை விட இயலாதிருப்பது ஆகியவற்றைக் கொண்டு. இவற்றில் எதுவும் இல்லாத ஒருவரிடம் காணப்படுவது சாதாரண ஆர்வமே.

உங்கள் கருத்துக்கு ஒவ்வாத ஒருவரையாவது தேடுங்கள். எல்லோரும் கைத்தொலைபேசியில் காணும் உடல்களோடு ஒப்பிட்டு வருந்துகிறார்கள் என்று தோன்றும்போது, "நான் போன வருஷத்து என்னோட போட்டோவத்தான் பார்க்கிறேன்" என்று சொல்பவர் இருந்தால், அவருக்குக் கட்டுரையில் ஒரு முழுப் பத்தி கொடுங்கள்.

எட்டாம் படி: எழுதுதலும் ஒப்படைத்தலும்

அறிமுகம், முன்னாய்வுகள், முறை, கண்டறிந்தவை, கலந்துரையாடல் என்ற வழமையான அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. முறைப் பகுதியை முதலில் எழுதுங்கள். அறிமுகத்தைக் கடைசியில் எழுதுங்கள். கண்டறிந்தவற்றில் பங்கேற்பாளரின் சொற்கள் பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும்; உங்கள் விளக்கம் எழுத்து வழக்கில் இருக்கட்டும். எட்டுப் பேரிடம் பேசிவிட்டுச் சதவீதம் போடாதீர்கள். "அடிமை", "பைத்தியம்", "நோயாளி" என்னும் சொற்களைப் பங்கேற்பாளரே தம்மைக் குறித்துச் சொன்னாலொழிய எழுத வேண்டாம். பயிற்சியால் தன்மதிப்பு உயர்ந்தது என்று எழுதுவதற்கும், தன்மதிப்பு உயர்ந்ததாகப் பயிற்சியாளர் கூறுகின்றனர் என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கடைசி வரி வரை காப்பாற்றுங்கள். தன்னம்பிக்கை உள்ளவர்களே ஜிம்மில் நீடித்திருக்கவும் கூடும், மனம் நொந்து விலகியவர்களை நீங்கள் சந்திக்கவே இல்லை. முடிந்தால் பயிற்சியை விட்டுவிட்ட ஒருவரையோ இருவரையோ தேடிப் பேசுங்கள். தொடர்பவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் சொல்லக்கூடும்.

சமர்ப்பிக்குமுன் ஒவ்வொரு மேற்கோளையும் அந்த ஊரைச் சேர்ந்தவராக நின்று வாசித்து, பேசியவர் யாரென்று ஊகிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அம்மேற்கோளை நீக்குங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். பின்னர் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, நேர்காணலில் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியே அனுப்புங்கள். ஜிம்மின் குழுவில் போடாதீர்கள். புள்ளி கிடைத்தபின், ஒப்புதல் படிவத்தில் குறித்த நாளில் ஒலிப்பதிவுகளைக் கைத்தொலைபேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்த செய்தியை மேற்பார்வையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.